பிரம்பும் பானையும் விளக்குமாறும்

‘ரொம்ப சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே’ என்று இன்றைக்கும் ஊரில் திட்டுகிறார்கள். இல்லாத அதிகாரத்தைக் கையிலெடுத்து அடுத்தவனை மிரட்டுகிறவனுக்கு விழுகிற வசவு இது. சொல் திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. வாத்தியார் கண்ணயர்ந்த நேரத்தில் பையன்களை மேய்க்கிற மூத்த பையன்தான் சட்டாம்பிள்ளை. சின்னவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவான், ஒப்பிக்க வைப்பான், குறும்பு பண்ணினவன் யாரென்று வாத்தியாரிடம் காட்டிக் கொடுப்பான். திண்ணைப் பள்ளிக்கூடம் போய்விட்டது. சட்டாம்பிள்ளை மட்டும் போகவில்லை. இப்போது அவனுக்கு ‘கிளாஸ் லீடர்’ என்று பேர். பேசுகிறவர்கள் பேரைக் கரும்பலகையில் எழுதிவைக்கிற அந்தப் பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சின்னப் பிள்ளைகளை வகுப்பில் எப்படி உட்கார வைப்பது, எப்படி அடக்குவது என்கிற விஷயத்தை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உளவியலாகச் சொல்லித் தருகிறார்கள். பிள்ளையின் மனசு, ஆசிரியரின் பொறுமை, பெற்றோரின் ஒத்துழைப்பு என்று பாடம் போகும். அதிலே சாதி வராது. ஆனால் நம்ம பிள்ளைகளுக்கு வகுப்பறை ஒழுங்கு என்பது முதல் நாளிலிருந்தே சாதியாகத்தான் வந்திருக்கிறது. எங்கே குந்துவது, எந்தப் பானையில் தண்ணீர் குடிப்பது, யார் விளக்குமாறு எடுப்பது என்பதெல்லாம் அ, ஆவுக்கு முன்னாலேயே கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம். இந்தப் பாடத்தின் வரலாற்றைத்தான் இங்கே கொஞ்சம் புரட்டிப் பார்க்கிறேன். நான் கல்வியியல் படித்தவளில்லை. தமிழ் எம்.ஏ. சேரியில் பத்து வருஷமாக மாலைப் பள்ளி நடத்துகிற இயக்கத்தில் இருக்கிறவள். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த கேள்விகளோடுதான் வரலாற்றுக்குள் போகிறேன்.

திண்ணையில் ஏறினவர்கள் யார்?

1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, நாட்டிலுள்ள பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு இருக்கிறது. இந்தக் கணக்கெடுப்புக்கு பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை வகுப்பறைக்குள்ளேயே போய்ப் பார்க்கிறது.

காலையில் முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். அது மரியாதை. இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பின்னால் வருகிற ஒவ்வொருத்தனுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். சோம்பேறிப் பையனுக்குச் சவுக்கடி. இரண்டு கையையும் கட்டிக் கூரையிலிருந்து கப்பி போட்டுத் தொங்கவிடுவதும் உண்டு. விடாமல் மண்டியிட்டு மண்டியிட்டு எழச் சொல்வதும் உண்டு. இதையெல்லாம் எழுதிவிட்டு, மண்டியிட்டு எழுவது வேதனையானாலும் உடம்புக்கு நல்லதாகக்கூட இருக்கலாம் என்று வேறு அந்தத் துரை சேர்த்துக்கொண்டார்.

தமிழ்நாட்டுத் திண்ணையில் இந்தத் தண்டனைகளுக்குத் தனித்தனிப் பேரே இருந்தது. கூரையில் கயிறு கட்டிப் பையனைத் தொங்கவிடுவது கோதண்டம். ஒரு காலைத் தூக்கிக் கழுத்தோடு கயிறு போட்டு இழுத்துக் கட்டுவது அண்ணாந்தாள். தண்டனைக்கு இத்தனை சொல் வைத்திருந்தது நம்ம மொழி.

இந்த அறிக்கைகளை 1983-இல் தரம்பால் ஒரு புத்தகமாகத் தொகுத்துப் போட்டார். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கே எல்லாச் சாதிக்கும் படிப்பு இருந்தது, சூத்திரர்தான் பள்ளிகளில் அதிகம் என்று அதைக் காட்டி இன்றைக்கும் பேசுகிறார்கள். சூத்திரர் அதிகம் என்பது பல மாவட்டக் கணக்கில் உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கின் பத்திகளைப் பாருங்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், அப்புறம் ‘இதர சாதிகள்’, பிறகு முஸ்லிம்கள். நாம் எந்தப் பத்தியில் இருக்கிறோம்? ‘இதர’ என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று அந்த அட்டவணை பேசாது. அட்டவணை பேசாததைத் திண்ணை பேசும். திண்ணை என்பது ஊர்த்தெருவில் இருக்கிற வீட்டின் ஒரு பகுதி. அந்தத் தெருவுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடக்க முடியாதவன், திண்ணையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பானா?

சேரியில் படிப்பே இல்லை என்று சொல்லவரவில்லை. வள்ளுவரும் வைத்தியரும் கவிராயரும் நம் தெருக்களில் இருந்தார்கள். காத்தவராயன் என்கிற பையன், தனக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பேரையே தன் பேராக வைத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனது அந்த மரபில்தான். நான் சொல்வது ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி. அங்கே கோதண்டம் கொடுமைதான். ஆனால் அந்தக் கொடுமையை வாங்குவதற்குக்கூட நாம் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கவில்லை.

எழும்பூரிலிருந்து லண்டனுக்கு

மன்றோவின் கணக்கெடுப்புக்கு முப்பது வருஷம் முன்னால் சென்னையில் இன்னொன்று நடந்தது. 1789-இல் எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்புக்கு ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் வந்தார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு, பெரும்பாலும் இந்தத் தேசத்துப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். மலபார்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பெல் பார்த்தார். தன் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே எட்டு வயசுப் பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு, கீழ்வகுப்புக்கு நீ சொல்லிக்கொடு என்று விட்டார். வேலை நடந்தது. பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளை ஆள்வது என்பது ஒரு முறையாகவே வளர்ந்தது. 1797-இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் இதற்கு ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்றே பேர்.

பெல்லின் வகுப்பில் பிரம்புக்கு அதிக வேலையில்லை. அதற்குப் பதில் ஒரு ‘கறுப்புப் புத்தகம்’ இருந்தது. தப்புகளெல்லாம் அதில் பதிவாகும். வாரத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். பிள்ளைகளே ஜூரிகளாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் இதேபோல ஒரு முறையை நடத்தினார். அவர் அடிப்பதை விட்டார், அவமானத்தைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் மரக்கட்டை மாட்டுவது, காலைப் பிணைப்பது, கூடையில் உட்கார வைத்துக் கூரைக்கு ஏற்றி மற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது என்று அவருடைய தண்டனைகள் இருந்தன. பள்ளிக்கூடத்தையும் பட்டாளத்தையும் சிறையையும் ஒரே வரிசையில் வைத்து ஃபூக்கோ 1975-இல் எழுதினாரே, அதில் இந்த வகுப்பறைகளும் வருகின்றன. உடம்பை அடிப்பதிலிருந்து உடம்பைக் கண்காணிப்பதற்கு அதிகாரம் நகர்ந்த கதை அது.

ஐரோப்பாவுக்கு அது சரி. நமக்கு இந்த நகர்தல் அப்படி நடக்கவில்லை. இங்கே கண்காணிப்பும் வந்தது, பிரம்பும் தங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் பரீட்சை முடிவைப் பார்த்து மானியம் கொடுக்கிற முறை வந்தபோது, இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் பையன் ஒப்பித்தால்தான் வாத்தியாருக்குக் காசு என்றாயிற்று. வாத்தியார் வயிற்றுப்பாடு பையன் முதுகில் இறங்கியது. திண்ணையின் பிரம்பு, பெல்லின் சட்டாம்பிள்ளை, சர்க்காரின் ரிஜிஸ்தர் மூன்றும் சேர்ந்ததுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற வகுப்பறை.

நாம் உள்ளே வந்தபோது

1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்கீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1893-இல் பஞ்சமர் கல்விக்கென்று சர்க்கார் ஆணை வந்தது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளி தொடங்கினார். அதற்கு முன்னாலேயே மிஷன் பள்ளிகள் சேரிகளில் இருந்தன. வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. திறந்த வாசலில் நமக்கென்று தனி ஒழுங்கு காத்திருந்தது.

இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? கோயம்புத்தூர் கலாசாலையில் அவர் படித்தபோது சுமார் நானூறு மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள் என்கிறார். கூட்டாளி சேர்ந்தால் சாதியும் வீடும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்த்தி நடத்துவார்கள் என்று பயம். அதனால் வெளியில் எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு கலைந்ததும் யாரும் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடந்துவிடுவார். காம்ப்பெல் அறிக்கையோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். கடைசியில் வருகிறவனுக்கு அடி அதிகம் என்பது பள்ளிக்கூட ஒழுங்கு. கடைசியில் வந்தால்தான் தப்பிக்கலாம் என்பது சாதி ஒழுங்கு. இரண்டு ஒழுங்குக்கும் நடுவே ஒரு பையன் ஓடிக்கொண்டிருக்கிறான். ஒருத்தரோடும் பேசாமல், விளையாடாமல், மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுகிற பிள்ளைக்கு இன்றைய ஆசிரியர் என்ன பேர் வைப்பார்? ‘கூச்ச சுபாவம்’, ‘யாரோடும் ஒட்டமாட்டான்’ என்றுதானே ரிப்போர்ட்டில் எழுதுவார்?

சதாராவில் சின்னப் பையனாக இருந்த அம்பேத்கருக்கு வகுப்பில் ஒரு மூலை. உட்காரச் சாக்குத்துணியை வீட்டிலிருந்து கொண்டுபோகவேண்டும், சாயங்காலம் சுருட்டித் திரும்ப எடுத்துவரவேண்டும். பள்ளியைக் கூட்டுகிற ஆள் அந்தச் சாக்கைத் தொடமாட்டான். தாகம் எடுத்தால் குழாயைப் பியூன் திறந்துவிட வேண்டும். பியூன் வரவில்லையா, அன்றைக்குத் தண்ணீர் இல்லை. அடியே இல்லை இதிலே. பிரம்பைத் தொடாமலே ஒரு பிள்ளையை அதனதன் இடத்தில் வைத்துவிட முடிகிறது.

இதைத் தத்துவமாகவும் சொன்னார்கள். 1909-இல் ‘இந்தியன் ரெவ்யூ’வில் அன்னி பெசன்ட் எழுதியதை அம்பேத்கர் 1945-இல் தன் புத்தகத்தில் நீளமாக எடுத்துக் காட்டினார். பெசன்ட் சொன்னது என்ன? தலைமுறை தலைமுறையாகத் தின்ற நாற்றமெடுக்கும் உணவாலும் குடியாலும் ஆன உடம்பு இந்தப் பிள்ளைகளுடையது; சுத்தத்தில் பழகிய பிள்ளைகளுக்குப் பக்கத்தில், ஒரே வகுப்பறையில் உட்கார இந்த உடம்புகளுக்கு இன்னும் சில தலைமுறை வேண்டும்; அதுவரை தனியே வைத்துக் குளிக்கவும் உடுக்கவும் நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஆல்காட் இறந்து இரண்டே வருஷம். அவர் தொடங்கிய பள்ளிகள் இருக்கிற அதே பிரம்மஞான சபையின் தலைவி எழுதியது இது. பிள்ளை என்ன செய்தான் என்பது இங்கே கேள்வியே இல்லை. அவன் உடம்பே ஒழுங்கீனம். அவன் பாட்டன் தின்றதற்கு அவனுக்குத் தண்டனை.

‘குளிச்சியா? நகத்தைக் காட்டு. தலைக்கு எண்ணெய் எங்கே?’ என்று வகுப்பில் தினம் காலையில் நடக்கிற சோதனை எந்தப் பிள்ளைக்கும் நல்லதுதான். ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் வராத காலனிப் பிள்ளையை மட்டும் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்கும்போது அங்கே பெசன்ட் அம்மையார் நின்றுகொண்டிருக்கிறார்.

எம்.சி. ராஜா எடுத்த பாட்டு

எம்.சி. ராஜாவை நமக்குச் சட்டசபை உறுப்பினராகத் தெரியும். பறையர், பஞ்சமர் என்ற பேர்களைச் சர்க்கார் பதிவேட்டிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுதவைக்க 1922-இல் தீர்மானம் கொண்டுவந்தவராகத் தெரியும். பூனா ஒப்பந்தக் காலத்தில் அம்பேத்கரோடு மாறுபட்டு நின்றவர் என்று விமர்சிக்கவும் தெரியும். அவர் ஒரு பள்ளி வாத்தியார் என்பதை மறந்துவிடுகிறோம்.

வெஸ்லி மிஷன் பள்ளியில் படித்து, ஆசிரியராக வேலை பார்த்து, பாடப்புத்தகங்கள் எழுதினவர் அவர். ஆர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்று சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு புத்தகத்தை 1930-இல் கொண்டுவந்தார். கையை வீசிக்கொண்டும் உடம்பைச் சாய்த்துக்கொண்டும் நிலாவைக் கூப்பிட்டுக்கொண்டும் தமிழ்நாட்டின் எல்லா பால்வாடிகளிலும் பிள்ளைகள் பாடுகிற பாட்டுகளில் பல அந்தப் புத்தகத்தில் அச்சேறியவை. அய்யர் வீட்டுப் பிள்ளையும் பாடுகிறது, அருந்ததியர் வீட்டுப் பிள்ளையும் பாடுகிறது. யார் தந்தது என்று இருவருக்கும் தெரியாது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பாட்டுகள் செய்கிற வேலையைக் கவனியுங்கள். அஞ்சு வயசுப் பிள்ளையால் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து ஒரு மணிநேரம் இருக்க முடியாது. அந்த உடம்பு ஆடத்தான் செய்யும். ஆடுகிற உடம்பைப் பிரம்பு குற்றமாகப் பார்க்கிறது. பாட்டு அதே ஆட்டத்தைப் பாடமாக்கிவிடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கை வீசினால் அதுவும் ஒழுங்குதான். யாரும் மூலையில் இல்லாத ஒழுங்கு. ஒரு சமூகத்தின் உடம்பே அழுக்கு, வகுப்பறைக்கு லாயக்கில்லை என்று 1909-இல் எழுதினார்கள். அதே சமூகத்திலிருந்து வந்த வாத்தியார் இருபத்தோரு வருஷம் கழித்துப் பிள்ளைகளின் உடம்பை ஆடவிட்டார். பெசன்ட்டுக்குப் பதிலாக அவர் அதைச் செய்தார் என்று நான் சொல்லமுடியாது. பதிலாகப் படிக்க நமக்கு உரிமை உண்டு.

ஆண்டையின் சவுக்கும் வாத்தியாரின் பிரம்பும்

நம் பக்கத்தையும் பேசவேண்டும். ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போனது நம்ம அப்பன் ஆத்தாதான். ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லாத வீடு நம்ம தெருவில் ஏது? இதை அறியாமை என்று படித்த தோழர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அறியாமை இல்லை. அனுபவம்.

கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்ததை நாம் கதையாகக் கேட்டு வளர்ந்தோம். சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைப்பதுதான் சாணிப்பால். 1940-களில் பி. சீனிவாசராவும் விவசாய சங்கத்தாரும் சேரி மக்களும் சேர்ந்து நின்று போராடித்தான் அதை நிறுத்தவேண்டி வந்தது. வயல்காட்டில் நேரம் தவறினால் அடி, நிமிர்ந்து பார்த்தால் அடி, எதிர்த்துப் பேசினால் அடி. அந்த அடியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. பிள்ளை பண்ணையில் அடிவாங்கினால் சாகும்வரை வாங்குவான். பள்ளிக்கூடத்தில் வாங்கினால் பத்து வருஷத்தோடு போகும், அப்புறம் அவனை ஒருத்தனும் அடிக்கமாட்டான். என் அம்மா இதை இதே வார்த்தையில் சொல்வாள்: ‘அங்க வாங்குற அடிய இங்க வாங்கிக்கடி, ஆனா இங்க வாங்குனா வேல கெடைக்கும்.’ பிள்ளையை மீட்க அவர்கள் கட்டிய பிணைத்தொகை அது. அதைப் புரிந்துகொண்டுதான் அந்தப் பழமொழியை நாம் கைவிடவேண்டும். பண்ணையில் அடித்த கைக்கும் பள்ளியில் அடித்த கைக்கும் சொந்தபந்தம் உண்டு என்பதை நம் தெருவில் உட்கார்ந்து பேசவேண்டும்.

தொடாமல் அடிப்பது

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் ஒன்றாம் வகுப்புப் படித்தேன். எங்கள் தெருவிலிருந்து எட்டுப் பிள்ளைகள். அடி எல்லோருக்கும் விழும். பொய் சொல்லக்கூடாது, ஊர்ப் பிள்ளைகளுக்கும் விழும். ஆனால் ஊர்ப் பிள்ளையை வாத்தியார் காதைப் பிடித்துத் திருகுவார், தலையில் குட்டுவார், தொடையில் கிள்ளுவார். அழுதால் அதே கையால் கண்ணைத் துடைத்தும் விடுவார். எங்களுக்கு எப்போதும் குச்சிதான். தூரத்தில் இருந்தால் சாக்பீஸ் பறந்து வரும், டஸ்டர் பறந்து வரும். குட்டவேண்டும் என்று தோன்றினால் எங்கள் தெருப் பையனையே கூப்பிட்டு ‘அவன் தலையில நாலு குட்டு’ என்பார். சட்டாம்பிள்ளை வேலை எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு நேரத்தில்தான், எங்களை நாங்களே அடித்துக்கொள்வதற்கு. பிரம்பு எதற்கு நீளமாக இருக்கிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. தொடாமல் அடிக்க அதைவிட வசதியான சாமான் இல்லை.

விளக்குமாறு பெண்பிள்ளைகளுக்கு. அதிலும் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளுக்கு. வீட்டுப்பாடம் எழுதாத ஊர்ப் பெண் முட்டி போடுவாள். எழுதாத நான் வகுப்பைக் கூட்டுவேன். எழுதிய நாளும் கூட்டுவேன். தண்டனை எது, வேலை எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இது எங்கள் ஊர்க்கதை மட்டுமில்லை. 1995-இல் சேலம் மாவட்டத்தில், சாதி இந்துக்களுக்கென்று வைத்திருந்த பானையில் தண்ணீர் குடித்ததற்காக ஒரு தலித் சிறுமியை வாத்தியார் அடித்தார். அவளுக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. கண்ணை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று சொன்ன சமூகத்தின் பிள்ளை அவள்.

சட்டம் என்ன சொன்னது என்று பாருங்கள். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-ஆம் விதி, பொய், ஆபாசம், அப்பட்டமான கீழ்ப்படியாமை போன்ற குற்றத்துக்கு மட்டும், உள்ளங்கையில் ஆறு அடிக்கு மேல் போகாமல், தலைமை ஆசிரியரோ அவர் மேற்பார்வையிலோ அடிக்கலாம் என்றது. எந்தப் பள்ளியில் ஆறு என்று எண்ணினார்கள்? 2003-இல் அந்த விதியைத் திருத்தி அடிப்பதையே தடை செய்தார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடம்பில் தரும் தண்டனையோடு மனசைத் துன்புறுத்துவதையும் சேர்த்துத் தடுத்தது. ஆனால் பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள 1860-இன் தண்டனைச் சட்டத்தில் 89-ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலையில் அந்தச் சட்டம் போய்ப் புதுச்சட்டம் வந்தபோதும் அந்தக் கருத்து அப்படியே தொடர்கிறது. நல்லெண்ணத்தோடுதான் நம்மை எல்லோரும் அடித்திருக்கிறார்கள்!

பிரம்பு குறைந்திருக்கிறது. அதை மறுக்கவேண்டியதில்லை. விளக்குமாறு குறைந்திருக்கிறதா? 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை கைதானார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பேர்களில் சாதி கூடாது, சாதி காட்டும் கயிறு கையில் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. கையில் கயிறு கட்டுகிற பதினாறு வயசுப் பையன் திடீரென்று முளைக்கவில்லை. யார் எங்கே குந்துவது, யார் கூட்டுவது என்று ஒன்றாம் வகுப்பில் பார்த்துக் கற்றவன்தான் அவன். தண்டனை வாங்கினவன் மட்டும் பாடம் படிப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனும் படிக்கிறான்.

அப்போ என்னதான் செய்வது?

‘அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது, அஞ்சு வகுப்பை ரெண்டு பேர் மேய்க்கணும், நீயே வந்து மேய்ச்சுப் பாரு’ என்று ஓர் ஆசிரியை என்னிடம் கோபப்பட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் எழுதிவிட்டு, இரண்டு ஆசிரியரிடம் ஐந்து வகுப்பைக் கொடுத்தால் பிரம்பின் இடத்துக்குக் கூச்சல் வரும், இல்லாவிட்டால் வேறு பேரில் பிரம்பே வரும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் ஆசிரியர் கேட்டு நாம் நடத்துகிற போராட்டமும் வகுப்பறை ஒழுங்குக்கான போராட்டம்தான். பசியும் அப்படித்தான். காலையில் ஒன்றும் தின்னாமல் வருகிற பிள்ளை பதினோரு மணிக்கு அழும், அடுத்ததைக் கடிக்கும், தூங்கிவிழும். 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு எந்தப் பிரம்பும் செய்யாததைச் செய்கிறது. சமைக்கிறவர் தலித் என்று பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோரும் 2023-இல் செய்தியானார்கள். அதையும் மறக்கவேண்டாம்.

எங்கள் மாலைப் பள்ளியில் முப்பதுக்கு மேல் பிள்ளைகள். அஞ்சிலிருந்து ஒன்பது வயசு வரை. நாங்கள் செய்வது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. வரிசை கிடையாது, வட்டமாகக் குந்துவோம். வட்டத்துக்குக் கடைசி பெஞ்சு இல்லை. லீடர் தினம் ஒருத்தர், முறை வைத்து. வாயே திறக்காத பிள்ளைக்கும் முறை வரும். லீடர் யார் பேரையும் எழுதக்கூடாது. பானையிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு தருவதுதான் வேலை. விளக்குமாறும் முறைதான், பையன்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஒண்ணுக்குப் போக யாரையும் கேட்கவேண்டாம். சண்டை வந்தால் இரண்டு பேரும் நடந்ததைச் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், தீர்ப்புக் கிடையாது. சத்தம் மீறிப்போனால் ஒரு பிள்ளை பலகையில் தாளம் தட்டும். கை எல்லாம் அந்தத் தாளத்துக்கு வந்துசேரும். வராத நாளும் உண்டு. அன்றைக்குப் பாடத்தை மூடிவிட்டு விளையாட விடுகிறோம்.

தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் அடித்துவிட்டார்கள் என்றால் நாம் ஓடுகிறோம், மறியல் பண்ணுகிறோம், வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போடச் சொல்கிறோம். அது வேண்டும். அடி விழாத நாளிலும் போய்ப் பாருங்கள். உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் முதல் வரிசையில் எந்தத் தெருப் பிள்ளைகள், கடைசியில் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று எண்ணுங்கள். தம்ளர் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னால் விளக்குமாறு யார் கையில் இருக்கிறது, கழிவறைச் சாவி யார் கையில் இருக்கிறது, லீடர் எந்தத் தெரு என்று விசாரியுங்கள். ஆசிரியர் நம்ம பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, தெருப்பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று கொஞ்சநேரம் வாசலில் நின்று கேளுங்கள். குறித்துக்கொண்டு வாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்ம பெண்கள் உறுப்பினராக இருக்கிறார்கள். கையெழுத்து வாங்க மட்டும் கூப்பிடுகிற அந்தக் கூட்டத்தில் இந்தக் கணக்கை அவர்கள் எழுந்து வாசிக்கட்டும்.